எடைக் குறைப்பு வியாபாரம்: பணம் கட்டுமுன் எழும் கேள்விகளும் பதில்களும்

உணவுக்குப் பதில் குடிக்கும் ஷேக் மாவு டப்பா, மூலிகைக் கேப்சூல், ஸ்லிம்மிங் சென்டர் பேக்கேஜ், வார ஊசி ஆகியவற்றை வாங்க நினைப்பவர்களும், அவற்றை விற்கச் சொல்லி அழைக்கப்பட்டவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. இந்தியச் சட்டத்தையும் தமிழ்நாட்டுச் சந்தை நிலவரத்தையும் வைத்துப் பதில் சொல்லியிருக்கிறோம். ‘உதாரணத்துக்கு’ என்று சொல்லும் இடங்களில் உள்ள விலைகள் கணக்கு புரிவதற்காக மட்டும். உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள்.

“பத்தே நாளில் 10 கிலோ” என்று போஸ்டர் ஒட்டுகிறார்களே, நடக்குமா?

கொழுப்பாக நடக்காது. ஒரு கிலோ உடல் கொழுப்பில் சுமார் 7,700 கலோரி அடங்கியிருக்கிறது. பத்து கிலோவுக்கு 77,000. பத்து நாளில் அதைக் கரைக்க நாளொன்றுக்கு 7,700 கலோரி பற்றாக்குறை வேண்டும். ஆபீஸ் வேலை பார்க்கும் 75 கிலோ ஆள் நாள் முழுக்கச் செலவழிப்பதே 2,000 முதல் 2,400 வரைதான். பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் இருந்தாலும் அவரால் அந்தக் கணக்கில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்ட முடியாது. தினமும் 500 முதல் 700 கலோரி குறைத்துச் சாப்பிட்டால் வாரத்துக்கு அரை கிலோவை ஒட்டிக் குறையும். இதைவிடப் பல மடங்கு வேகமாகத் தருவதாகச் சொல்பவர் கொழுப்பைத் தவிர வேறு ஏதோ ஒன்றைத்தான் குறைக்கிறார்.

ஆனால் முதல் வாரத்திலேயே எனக்கு 3 கிலோ இறங்கியதே? பொருள் வேலை செய்கிறது என்றுதானே அர்த்தம்?

இந்த வியாபாரம் முழுக்க நிற்பது அந்த முதல் வாரத்தின் மேல்தான். ஈரலிலும் தசையிலும் சுமார் அரை கிலோ மாவுச்சத்து கிளைக்கோஜனாகச் சேமிப்பில் இருக்கும். ஒவ்வொரு கிராமும் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சோறு, இட்லி, சர்க்கரையைச் சட்டென்று நிறுத்தினால் இந்தச் சேமிப்பு தீர்ந்து தண்ணீரும் சிறுநீராகப் போய்விடும். கூடவே உப்பு குறைகிறது, குடலில் தேங்கும் உணவும் குறைகிறது. அதனால் இரண்டு மூன்று கிலோ இறங்குவது எந்தப் பொடியும் இல்லாமலே நடக்கும். ஒரு கல்யாண விருந்து சாப்பிட்டால் அதில் பெரும்பகுதி இரண்டே நாளில் திரும்பிவிடும்.

‘7 நாள் சேலஞ்ச்’, ‘10 நாள் ட்ரையல்’ என்று விற்பது இதனால்தான். நாலாவது வாரம் ஏறக்குறைய அசையாமல் நிற்கும் முள்ளைப் பார்த்து, “நீங்கள் டயட்டைச் சரியாகக் கடைப்பிடிக்கவில்லை” என்று பழி வாடிக்கையாளர் மேல் விழும். அடுத்து இன்னொரு பொருள் கூட்டி விற்கப்படும். முதல் இரண்டு வாரத்தைக் கணக்கிலேயே எடுக்காதீர்கள். மூன்றாவது வாரத் தொடக்கத்தில் பார்த்த எடைக்கும் எட்டாவது வார முடிவில் பார்த்த எடைக்கும் உள்ள வித்தியாசம்தான் பொருளின் யோக்கியதை.

நியூட்ரிஷன் கிளப்பில் (ஷேக் கலக்கிக் கொடுத்து விற்கும் இடம்) கையில் பிடிக்கச் சொல்லும் மெஷின் ‘உடல் வயது 52’ என்றது. எனக்கு 38தான் ஆகிறது. பயப்பட வேண்டுமா?

வேண்டாம். அந்த மெஷின் மிகச் சிறிய மின்னோட்டத்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு அனுப்பி, தடை எவ்வளவு என்று பார்க்கிறது. தண்ணீர் உள்ள தசையில் மின்சாரம் எளிதாகப் போகும், கொழுப்பில் போகாது. அந்தத் தடையோடு நீங்கள் சொன்ன உயரம், வயது, எடையைச் சேர்த்து ஒரு சூத்திரத்தில் போட்டுக் கொழுப்புச் சதவீதத்தை ஊகிக்கிறது. கைப்பிடி மெஷினில் வயிற்றுப் பகுதி வழியாக மின்னோட்டம் பெரிதாகப் போவதே இல்லை. தாகத்தோடு போனால் கொழுப்பு கூடுதலாகக் காட்டும். ‘உடல் வயது’ என்பது இந்த ஊகத்தின் மேல் கட்டிய இன்னொரு ஊகம். எந்த மருத்துவரும் அதை வைத்து முடிவெடுப்பதில்லை.

அளக்கத்தான் வேண்டும் என்றால் ஒரே மெஷினில், காலையில், வெறும் வயிற்றில், சிறுநீர் கழித்த பிறகு மாதம் ஒரு முறை பாருங்கள். அதைவிட நம்பகமானது பத்து ரூபாய் இஞ்ச் டேப்தான். இடுப்புச் சுற்றளவு இந்திய ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்கும், பெண்களுக்கு 80க்கும் கீழே இருக்க வேண்டும். பி.எம்.ஐ. (கிலோ எடையை மீட்டர் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து வரும் எண்) நமக்கு 23க்கு மேல் போனாலே அதிக எடை, 25 தொட்டால் உடல் பருமன் என்பது இந்திய மருத்துவர்கள் பின்பற்றும் வரம்பு.

ஷேக் மாவில் அப்படி என்னதான் இருக்கிறது? மாதம் எவ்வளவு ஆகும்?

பெரும்பாலும் சோயா அல்லது பால் புரதம், கொஞ்சம் சர்க்கரை அல்லது ஃபிரக்டோஸ், நார்ச்சத்து, வைட்டமின் கலவை, சுவையூட்டி. எடை குறைவது மாவின் மகிமையால் அல்ல. 25 கிராம் மாவும் கால் லிட்டர் டோன்ட் பாலும் சேர்ந்து 240 கலோரி சொச்சம்தான். நாலு இட்லி, சாம்பார், தேங்காய்ச் சட்னியின் இடத்தில் அது வருவதால் குறைகிறது.

செலவுக் கணக்கு இதுதான். 500 கிராம் டப்பாவில் 25 கிராம் வீதம் 20 வேளை வரும். தினம் இரண்டு வேளை என்றால் ஒரு டப்பா பத்து நாள், மாதம் மூன்று டப்பா. உதாரணத்துக்கு டப்பா 2,000 ரூபாய் என்றால் 6,000. பால் 15 லிட்டர் தனி. டீத்தூள், கற்றாழைச் சாறு, கூடுதல் புரதப் பொடி எல்லாம் அதற்கு மேல். விற்பவர் முதலில் சொல்வது ஒரு டப்பாவின் விலையை மட்டும்தான்.

உணவுக்குப் பதில் ஷேக் என்ற முறையே மோசடி என்று சொல்ல முடியாது. 2017இல் வெளியான பிரிட்டனின் ‘டைரெக்ட்’ ஆய்வில் மூன்று முதல் ஐந்து மாதம் நாளுக்கு சுமார் 850 கலோரி அளவில் சூப், ஷேக் மட்டும் கொடுத்து, பிறகு படிப்படியாகச் சாப்பாட்டைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். ஓராண்டு முடிவில் அந்தக் குழுவினரில் 46 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் மருந்தில்லாமலே கட்டுக்குள் வந்திருந்தது. ஆனால் அங்கே பயிற்சி பெற்ற செவிலியர்களும் உணவியலாளர்களும் கூடவே இருந்தார்கள். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை முதல் நாளே நிறுத்தி, மறுபடி தேவைப்படுகிறதா என்று கண்காணித்தார்கள். இங்கே கோட்டை விடுவது சாப்பாட்டைத் திரும்பக் கொண்டுவரும் அந்த இரண்டாம் கட்டத்தில்தான். ஷேக்கை நிறுத்திய பின் எப்படிச் சாப்பிடுவது என்று யாரும் சொல்லித் தருவதில்லை, சொல்லித் தந்தால் டப்பா விற்காது. சர்க்கரைக்கு இன்சுலினோ கிளைமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர் டாக்டரைக் கேட்காமல் ஷேக்குக்கு மாறினால் தாழ்சர்க்கரை மயக்கம் வரலாம்.

“நீங்களே ஒரு கிளப் ஆரம்பியுங்கள், மாதம் லட்சம் பார்க்கலாம்” என்கிறார்கள். லாபம் வருமா?

வாடகையிலிருந்து கணக்குப் போடுங்கள். உதாரணத்துக்கு 2,000 ரூபாய் டப்பா 25 சதவீதத் தள்ளுபடியில் உங்களுக்கு 1,500க்கு வருகிறது. வேளைக்கு 75. பால், டீ, கற்றாழை, கப், கேன் தண்ணீர் என்று 45 சேர்த்தால் 120. ஆளுக்கு 170 வாங்கினால் கையில் நிற்பது 50. கடை வாடகையும் கரண்டும் 12,000 என்றால் 240 வேளை விற்றால்தான் அது தேறும். மாதம் 26 நாள் திறந்தால் தினம் ஒன்பது பத்துப் பேர். உங்கள் சம்பளம் பத்தாவது ஆளில்தான் தொடங்குகிறது. தினம் 20 பேர் தவறாமல் வந்தால் மிஞ்சுவது 14,000. விடிகாலை ஐந்து மணிக்குத் திறந்து பத்து மணிவரை நிற்பதற்கான கூலி அது. வாடிக்கையாளர்களில் கணிசமானோர் இரண்டு மூன்று மாதத்தில் நின்றுவிடுவார்கள், அந்த இடத்தை நிரப்பப் புது ஆள் பிடிக்கும் வேலை வேறு.

அப்படியானால் லட்சம் எங்கிருந்து வருகிறது? கீழே ஆள் சேர்த்து, அவர்கள் வாங்கும் சரக்கின் மேல் கிடைக்கும் கமிஷனிலிருந்து. தள்ளுபடி 25லிருந்து 35, 42, 50 என்று ஏற வேண்டுமானால் பெரிய தொகைக்குச் சரக்கு எடுக்க வேண்டும். அந்த ஆசையில் வாங்கிய டப்பாக்கள் பீரோவுக்குள் காலாவதியாகிக் கிடக்கும் வீடுகள் ஏராளம். அமெரிக்காவில் எஃப்.டி.சி. என்ற மத்திய வர்த்தக ஆணையம் 2016இல் ஹெர்பாலைஃப் நிறுவனத்தின் மேல் நடவடிக்கை எடுத்தபோது, கிளப் நடத்துவோர் சராசரியாக 8,500 டாலர் போட்டதாகவும், அவர்களில் 57 சதவீதம் பேர் லாபமே பார்க்கவில்லை அல்லது நஷ்டப்பட்டார்கள் என்றும் தன் புகாரில் சொன்னது. நிறுவனம் 20 கோடி டாலர் கொடுத்து, அமெரிக்காவில் கமிஷன் முறையைச் சில்லறை விற்பனையோடு இணைக்க ஒப்புக்கொண்டு வழக்கை முடித்துக்கொண்டது.

இந்தியாவில் 2021 டிசம்பரில் வந்த நேரடி விற்பனை விதிகளின்படி சேர்க்கைக் கட்டணம் வாங்கக் கூடாது, பிரமிடு முறையும் பணச் சுழற்சித் திட்டமும் கூடாது. சேர்ந்த பிறகு குறிப்பிட்ட நாளுக்குள் அபராதமின்றி விலகும் உரிமையும் உண்டு. உங்களைச் சேர்ப்பவரிடம் இரண்டே கேள்வி கேளுங்கள். போன மாதம் உங்கள் வருமானத்தில் வெளியாளுக்கு விற்றதில் வந்தது எவ்வளவு? விற்காத சரக்கை எத்தனை நாளுக்குள், எவ்வளவு பிடித்தம் போகத் திருப்பி எடுப்பீர்கள்? இரண்டாவது பதில் எழுத்தில் வரவில்லை என்றால் ஒரு டப்பாவுக்கு மேல் வாங்காதீர்கள். கிளப்பில் ஷேக் கலக்கிக் கொடுப்பது உணவு வியாபாரம். உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவு உங்கள் பெயரில் இருக்க வேண்டும், நிறுவனத்தின் உரிமம் உங்களுக்குப் போதாது.

‘முழுக்க முழுக்க மூலிகை, பக்க விளைவே இல்லை’ என்ற கேப்சூல் எனக்கு அபாரமாக வேலை செய்கிறது. தொடரலாமா?

அபாரமாக வேலை செய்வதுதான் சந்தேகத்துக்கு முதல் காரணம். சிபுட்ரமின் என்ற பசி அடக்கும் மருந்து மாரடைப்பு, பக்கவாத அபாயத்தைக் கூட்டியதால் 2010இல் அமெரிக்கா, ஐரோப்பாவிலிருந்து விலக்கப்பட்டது. இந்தியா 2011இல் தடை செய்தது. ஆனால் ‘மூலிகை’ என்ற பெயரில் உலகெங்கும் விற்கும் ஸ்லிம்மிங் கேப்சூல்களிலும் காபிப் பொடிகளிலும் அது ரகசியமாகக் கலக்கப்பட்டு இன்றுவரை பிடிபடுகிறது. சாப்பிட்ட முதல் நாளே பசி சுத்தமாக அற்றுப்போவது, வாய் வறட்சி, தூக்கம் வராமை, நெஞ்சு படபடப்பு ஆகியவை சேர்ந்து வந்தால் நிறுத்திவிட்டு ரத்த அழுத்தம் பாருங்கள். அடிக்கடி சிறுநீர் போய்க் கால் பிடித்து இழுத்தால் நீர் பிரிக்கும் மாத்திரை கலந்திருக்கலாம். கை நடுக்கமும் வியர்வையும் இருந்தால் தைராய்டு ஹார்மோனைச் சந்தேகிக்க வேண்டும்.

கலப்படமே இல்லாதவற்றிலும் சிக்கல் உண்டு. நிலாவாரை சேர்ந்த டீ பேதிதான். மலத்தோடு தண்ணீரும் பொட்டாசியமும் போகும், கொழுப்பு போகாது. குடம்புளிச் சாற்று மாத்திரையை 1998இல் அமெரிக்காவில் 12 வாரம் சோதித்தபோது வெறும் மாவு மாத்திரையைவிடக் கூடுதலாக எடை குறையவில்லை. ஈரல் பாதிப்பு அறிக்கைகள் மட்டும் பிற்பாடு சேர்ந்துகொண்டே வந்தன. மீன் குழம்பில் இரண்டு சுளை போடுவதற்கும் செறிவூட்டிய சாற்றை மாதக்கணக்கில் விழுங்குவதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. கிரீன் டீ குடிப்பதில் தொந்தரவில்லை, ஆனால் அதன் சாறு ஈ.ஜி.சி.ஜி. (கிரீன் டீயில் உள்ள முக்கிய வேதிப்பொருள்) கணக்கில் நாளுக்கு 800 மில்லிகிராம் தொட்டால் ஈரல் என்சைம் ஏறுகிறது என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் சொன்னது. வீடியோ பார்த்து நாட்டு மருந்துக் கடையில் வெங்காரம் வாங்கிச் சாப்பிடுவதைப் பற்றி ஒரே வரி: அது போராக்ஸ், வாந்தி பேதியில் தொடங்கி சிறுநீரகத்தைக் கெடுக்கும் நஞ்சு.

லேபிளில் எதைப் பார்ப்பது?

உணவு வகைப் பொருளில் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எனும் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க எண் இருக்க வேண்டும். 1இல் தொடங்கினால் உரிமம், 2இல் தொடங்கினால் சிறு வியாபாரப் பதிவு. அடுத்த இரண்டு இலக்கம் மாநிலக் குறியீடு. தமிழ்நாட்டுக்கு 24, மத்திய உரிமத்துக்கு 00. அந்த எண்ணை ஆணையத்தின் ஃபாஸ்காஸ் தளத்தில் போட்டால் நிறுவனத்தின் பெயரும் எந்தெந்த வகைப் பொருளுக்கு உரிமம் என்பதும் வரும். மசாலாப் பொடிக்கு வாங்கிய எண்ணை ஸ்லிம்மிங் பொடியில் அச்சடித்திருப்பது அடிக்கடி சிக்கும் தில்லுமுல்லு. ஹெல்த் சப்ளிமென்ட் என்றால் ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல’ என்ற வரி கட்டாயம். சித்த, ஆயுர்வேத மருந்தென்றால் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண் இராது, ஆயுஷ் தயாரிப்பு உரிம எண் இருக்கும். இரண்டுமே இல்லாத ஜிப் கவர் பொடியைப் பற்றி மேற்கொண்டு ஆராய வேண்டியதில்லை.

உடல் பருமனைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்யச் சட்டம் விடுகிறதா?

மருந்தென்றால் விடாது. 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டத்தில், குணமாக்கும் என்று விளம்பரம் செய்யக் கூடாத நோய்களின் அட்டவணையில் உடல் பருமன் இருக்கிறது. உணவென்றால் பொய் விளம்பரத்துக்கு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். இதற்கு மேல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையமும் 10 லட்சம், மறுபடி செய்தால் 50 லட்சம் வரை போடலாம்; விளம்பரத்தில் நடித்தவரை ஓராண்டு விளம்பரமே செய்யக் கூடாதென்று தடுக்கலாம். சட்டத்தில் குறையில்லை, புகார் கொடுப்பவர்கள்தான் குறைவு.

ஸ்லிம்மிங் சென்டரில் 60,000 ரூபாய் பேக்கேஜ், ‘இன்றைக்கே கட்டினால் பாதி விலை’. கட்டலாமா?

இன்றைக்கே கட்டாதீர்கள். அதே ஆஃபர் அடுத்த வாரமும் இருக்கும். ஒப்பந்தத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படிக்க வேண்டும் என்று கேளுங்கள். தர மறுத்தால் அதிலேயே விஷயம் தெரிந்துவிடும்.

படிக்கும்போது கவனிக்க வேண்டியவை: ‘8 கிலோ குறையும்’ என்று வாயால் சொன்னது தாளில் இருக்கிறதா, அல்லது ‘பலன் ஆளுக்கு ஆள் மாறும்’ என்று மட்டும் இருக்கிறதா; எத்தனை சிட்டிங், எத்தனை மாதத்துக்குள்; தவறவிட்ட சிட்டிங் காலாவதியா; பாதியில் நின்றால் மீதிப் பணம் என்ன ஆகும். ‘எக்காரணம் கொண்டும் பணம் திருப்பித் தரப்படாது’ என்ற வரி அச்சடித்திருப்பதாலேயே செல்லுபடியாகிவிடாது. ஒருதலைப்பட்சமான ஒப்பந்தத்தை 2019 நுகர்வோர் சட்டத்தின் கீழ் மாநில ஆணையத்தில் எதிர்க்கலாம். ஆனால் வழக்குப் போட்டு வாங்குவதைவிட, பயன்படுத்தாத சிட்டிங்குக்கு விகிதப்படி பணம் திரும்பும் என்று கையெழுத்துக்கு முன்பே எழுதி வாங்குவது சுலபம்.

அளவு எடுப்பதில் கைவண்ணம் காட்டுவார்கள். முதல் நாள் சாயங்காலம், சாப்பிட்டு வந்தவரை, செருப்போடு நிறுத்துவார்கள். பிறகு காலையில், வெறும் வயிற்றில், ஸ்டீம் குளியல் முடித்ததும் நிறுத்துவார்கள். இதிலேயே ஒன்றரை இரண்டு கிலோ போய்விடும். டேப்பை முதல் தடவை தளர்வாகவும் அடுத்த தடவை இறுக்கியும் பிடித்தால் இரண்டு சென்டிமீட்டர் ‘கரையும்’. நேரம், உடை, தொப்புள் மட்டத்தில் டேப், மூச்சை விட்ட நிலை, எல்லாம் ஒன்றாக இருக்கும்படி நீங்களே குறித்து, அவர்கள் கார்டில் கையெழுத்து வாங்குங்கள். சானா பெல்ட், அதிரும் பலகை, ஸ்டீம் இவற்றில் போவது வியர்வை. ஒரு சொம்பு தண்ணீரில் திரும்பிவிடும். உண்மையில் குறைப்பது அவர்கள் கையில் கொடுக்கும் 1,200 கலோரி டயட் சார்ட்.

பணம் கட்டும் முறைதான் பெரிய பள்ளம். ‘வட்டியில்லா இ.எம்.ஐ.’ என்றால் ஒரு நிதி நிறுவனம் உங்கள் பெயரில் கடன் கொடுத்து மொத்தப் பணத்தையும் சென்டருக்கு அனுப்பிவிடுகிறது. சென்டர் மூன்றாவது மாதம் ஷட்டரை இறக்கினாலும் தவணை நிற்காது, கட்டாவிட்டால் சிபில் ஸ்கோர் அடிவாங்கும். மாதாமாதம் சென்டருக்கே கட்டும் ஏற்பாடு கேளுங்கள். பில்லையும் பாருங்கள்: ஜிம், அழகு, உடல்நலச் சேவைகளுக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 18லிருந்து 5 சதவீதமாகக் குறைந்துவிட்டது.

ஃபேட் ஃப்ரீஸிங் செய்தால் எடை குறையுமா?

குறையாது. தோலுக்கடியில் உள்ள கொழுப்பை உறையவைத்துச் செல்களைச் சாகடிக்கும் முறை அது. சிகிச்சை செய்த இடத்தில் கொழுப்பு அடுக்கின் தடிமன் சுமார் 20 முதல் 25 சதவீதம் குறையும், அதுவும் இரண்டு மூன்று மாதம் கழித்து. முள்ளில் தெரியாது. அரிதாகச் சிலருக்கு அந்த இடம் மட்டும் தடித்துக் கட்டிபோல் வளர்ந்து, அறுவை செய்யும்படி ஆகிவிடும்.

வார ஊசிகள் உண்மையிலேயே வேலை செய்கின்றனவா? என்ன செலவு?

செய்கின்றன. எடைக் குறைப்புச் சந்தையில் பெரிய ஆய்வுகளில் தேறி வந்த மருந்துகளில் வலுவானவை இவை. செமாக்ளூடைட் என்ற மருந்து வாரம் 2.4 மில்லிகிராம் அளவில் 68 வாரத்தில் சராசரியாக 15 சதவீதம் எடையைக் குறைத்தது. டிர்செபடைட் உயர்ந்த அளவில் 72 வாரத்தில் சுமார் 21 சதவீதம். டிர்செபடைட் 2025 மார்ச்சில் மவுன்ஜாரோ என்ற பெயரில் இந்தியாவுக்கு வந்தபோது 2.5 மில்லிகிராம் குப்பி 3,500, 5 மில்லிகிராம் 4,375 ரூபாய். வாரம் ஒன்று வீதம் மாதம் 14,000 முதல் 17,500 வரை. எடைக் குறைப்புக்கான செமாக்ளூடைட் ஊசியான வெகோவி 2025 ஜூனில் வந்தது. செமாக்ளூடைட்டின் இந்தியக் காப்புரிமைக் காலம் 2026 மார்ச்சுடன் முடிவதால் உள்நாட்டு ஜெனரிக்குகளுக்கு வழி திறந்தது.

விலை இறங்க இறங்க, பியூட்டி பார்லரிலும் வாட்ஸ்அப்பிலும் விற்பனை ஏறும். இது டாக்டர் சீட்டில் மட்டும் தர வேண்டிய மருந்து. பி.எம்.ஐ. 30க்கு மேல், அல்லது 27க்கு மேல் இருந்து சர்க்கரை, பி.பி. போன்ற தொந்தரவும் உள்ளவர்களுக்கானது. கணைய அழற்சி வந்தவர்கள் அதை டாக்டரிடம் முதலில் சொல்ல வேண்டும். குடும்பத்தில் மெடுல்லரி தைராய்டு புற்றுநோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் போடக் கூடாது. குழந்தைக்குத் திட்டமிடுவோர் செமாக்ளூடைட்டை இரண்டு மாதம் முன்பே நிறுத்த வேண்டும்.

தவறுகள் நடக்கும் இடங்கள் மூன்று. ஒன்று அளவு: செமாக்ளூடைட் 0.25 மில்லிகிராமில் தொடங்கி நான்கு வாரத்துக்கு ஒருமுறைதான் ஏற்ற வேண்டும். அவசரப்பட்டு ஏற்றினால் வாந்தி நிற்காது. குப்பியிலிருந்து இன்சுலின் சிரிஞ்சில் எடுப்பவர்கள் சிரிஞ்சின் ‘யூனிட்’ கோட்டையும் மில்லிகிராமையும் குழப்பிக்கொண்டு பல மடங்கு போட்டுக்கொள்வதும் உண்டு. இரண்டு குளிர்ச்சி: 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும், ஃப்ரீசரில் உறைந்துவிட்டால் தூக்கி எறிய வேண்டியதுதான். திறந்தபின் 30 டிகிரிக்குள் சில வாரம் வெளியே வைக்கலாம் என்று பெட்டியில் போட்டிருந்தாலும், சென்னை மே மாதத்தில் அந்தப் பேச்சே வேண்டாம். கூரியரில் ஐஸ் பேக் இல்லாமல் வந்த பெட்டியைத் திருப்பி அனுப்புங்கள். மூன்று நிறுத்துவது: நிறுத்திய ஓராண்டில் குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியதாக ஆய்வு காட்டியது. ஆகவே ஒரு மாத விலையைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். மாதம் 14,000 என்றால் ஆண்டுக்கு 1,68,000. இரண்டு மூன்று ஆண்டுக்குக் கட்ட முடியுமா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். இறங்கும் எடையில் தசையும் இருக்கும், அதனால் முட்டை, பருப்பு, பயறு, மீன் அளவையும் எடை தூக்கும் பயிற்சியையும் கூட்ட வேண்டும்.

ஆர்லிஸ்டாட் மாத்திரை?

உணவில் உள்ள கொழுப்பில் சுமார் 30 சதவீதம் செரிக்காமல் மலத்தோடு போகும். குறைவது கொஞ்சம்தான். பஜ்ஜி, பிரியாணி சாப்பிட்ட நாளில் உள்ளாடையில் எண்ணெய் கசியும். பலர் நிறுத்துவது அதனால்தான். ஏ, டி, ஈ, கே வைட்டமின்களை இரவில் தனியாக எடுக்க வேண்டும்.

பேரியாட்ரிக் (எடை குறைக்க இரைப்பையில் செய்யும்) ஆபரேஷனுக்கு இன்ஷூரன்ஸ் கிடைக்குமா?

பி.எம்.ஐ. 40க்கு மேல், அல்லது 35க்கு மேல் இருந்து கடும் இணைநோயும் இருந்து, மற்ற வழிகள் பலிக்காதபோது, டாக்டர் பரிந்துரையில் 18 வயது நிரம்பியவருக்கு என்றால் ‘எடைக் குறைப்புச் சிகிச்சைக்குப் பணம் தர மாட்டோம்’ என்ற வழக்கமான பாலிசி விலக்கு பொருந்தாது. காத்திருப்புக் காலத்தைப் பாலிசியில் பாருங்கள். பழைய சிகிச்சைச் சீட்டுகளைச் சேர்த்து வைத்திருந்தால்தான் ‘மற்ற வழிகள் பலிக்கவில்லை’ என்று காட்ட முடியும்.

ஏமாந்துவிட்டேன். எங்கே போவது?

முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்கு அழைத்துப் புகார் எண் வாங்குங்கள்; பல சென்டர்கள் இந்தக் கட்டத்திலேயே சமரசத்துக்கு வரும். வராவிட்டால் 15 நாள் கெடு வைத்துப் பதிவுத் தபாலில் நோட்டீஸ். அதன்பின் மாவட்ட நுகர்வோர் ஆணையம்: கட்டிய பணம் 5 லட்சம் வரை என்றால் புகார்க் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். இ-ஜாக்ரிதி தளத்தில் ஆன்லைனிலும் தாக்கல் செய்யலாம். ஒப்பந்தம், பில், அளவு கார்டு, வாக்குறுதி வந்த வாட்ஸ்அப் செய்திகளின் ஸ்கிரீன்ஷாட் இவைதான் சாட்சி. கடைக்காரர் குரூப்பை அழிப்பதற்கு முன் எடுத்துவிடுங்கள்.

உடம்புக்கு ஏதாவது வந்தால் மருந்துப் பக்க விளைவுக்கான 1800 180 3024 என்ற இலவச எண்ணிலும் சொல்லுங்கள். பொடியோ கேப்சூலோ மீதமிருந்தால் கோபத்தில் குப்பையில் போட்டுவிடாதீர்கள். வாங்கியவரே கட்டணம் கட்டி உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்கக் கொடுக்க உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40ஆம் பிரிவு இடம் தருகிறது. பிரித்த பாட்டிலைக் காட்டிலும், அதே பேட்ச் எண்ணில் பிரிக்காத பாட்டில் ஒன்று பில்லோடு இருந்தால் எதிர்த்தரப்பு ‘நீங்களே ஏதோ கலந்துவிட்டீர்கள்’ என்று சொல்ல முடியாது.